புது மொழி படிக்கும் பிள்ளைகள்: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு மொழி சொல்லித் தருகிறேன். வகுப்பு முடிந்து வாசலில் நிற்கும் அம்மா அப்பாக்கள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் ஒரு முறை சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

எந்த வயசுல ஆரம்பிக்கணும்? எங்க பொண்ணுக்கு எட்டு முடிஞ்சிடுச்சு, லேட் ஆயிடுச்சா?

லேட் ஆகவில்லை. எட்டு நல்ல வயது. பன்னிரண்டும் நல்ல வயதுதான்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எரிக் லென்னபெர்க் என்ற ஆய்வாளர் 1967-இல், மொழியைத் தானாகவே பிடித்துக்கொள்ளும் திறன் சுமார் இரண்டு வயதிலிருந்து பருவமடையும் வரைதான் முழுமையாக இருக்கும் என்று எழுதினார். அவர் முக்கியமாகப் பேசியது முதல் மொழியைப் பற்றி. அது வாய்வழியாகப் பரவி, 'ஐந்து வயதோடு கதவு சாத்திவிடும்' என்று ஆகிவிட்டது. 2018-இல் சுமார் 6,70,000 பேருக்கு இணையத்தில் ஆங்கில இலக்கணத் தேர்வு வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. இலக்கணத்தைப் பிடிக்கும் திறன் 17 வயது வாக்கில்தான் இறங்கத் தொடங்குகிறது என்றது அது. அந்த எண் சரியா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் எட்டு வயதுப் பெண்ணுக்கு நிறையவே நேரம் இருக்கிறது.

சின்னப் பசங்க பஞ்சு மாதிரி உறிஞ்சிக்குவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது பொய்யா?

பாதி உண்மை. காலையிலிருந்து இரவு வரை அந்த மொழியே காதில் விழும் இடத்தில் வளர்ந்தால், சின்ன வயதில் வந்தவர்களே கடைசியில் முன்னே நிற்பார்கள். ஆனால் அங்கேயும் ஆரம்பத்தில் பெரியவர்கள்தான் வேகம். நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசும் குடும்பங்களைப் பின்தொடர்ந்து 1978-இல் வெளிவந்த ஆய்வில், முதல் வருடத்தில் டச்சு மொழியை வேகமாகப் பிடித்தவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள்தான் எல்லாரையும்விடப் பின்தங்கியிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் வேறு கதை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1964 முதல் பத்து வருடம் எட்டு வயதிலேயே பிரெஞ்சு தொடங்கிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைகளை 16 வயதில், 11 வயதில் தொடங்கியவர்களோடு ஒப்பிட்டபோது, கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டுமே சற்று மேலே இருந்தார்கள். பின்னர் பார்சிலோனாவில் எட்டு வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் 11 வயதில் தொடங்கியவர்களையும், படித்த மணிக்கணக்கு சமமாக இருக்கும்படி பார்த்து ஒப்பிட்டார்கள். பெரிய பிள்ளைகளே முன்னால் இருந்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே வாசிக்கத் தெரியும், விதி சொன்னால் புரியும், மறந்ததைத் தேடிப் படிக்கத் தெரியும்.

இதை வைத்து, சின்னவர்களுக்குத் தொடங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூச்சமே இல்லாமல் வாயைத் திறக்கும் ஆறு வயதுப் பிள்ளையைப் பார்க்கும்போது எனக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் பஞ்சு உறிஞ்ச வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். வாரத்துக்கு அரை மணி நேரம் கொடுத்துவிட்டு, 'சீக்கிரம் ஆரம்பித்துவிட்டோமே' என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது.

உச்சரிப்பு மட்டுமாவது சின்ன வயசுலதானே வரும்?

ஆமாம், இதில் சின்ன வயதுக்கு உண்மையான சாதகம் உண்டு. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். நம் 'த'வுக்கும் 'ட'வுக்கும் உள்ள வேறுபாடு மாதிரியானது. 6 முதல் 8 மாதக் குழந்தைகள் அதைப் பிரித்து அறிந்தன. 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது முடியவில்லை. காதில் கோளாறு எதுவும் இல்லை. வீட்டு மொழிக்குத் தேவைப்படாத வேறுபாட்டை மூளை ஒதுக்கிவைத்துவிடுகிறது.

ஒதுக்கிவைத்ததைப் பயிற்சியால் பெருமளவு மீட்கலாம். நம் பிள்ளைகளின் சிக்கலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பல்'லில் வரும் 'ப'வும் 'கம்பு'வில் வரும் 'ப'வும் வேறு வேறு ஒலிகள், ஆனால் தமிழில் எழுத்து ஒன்றுதான். பிரெஞ்சில் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் ரொட்டி குளியலாகிவிடும். நான் முதலில் பேசச் சொல்வதில்லை. இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிச் சொல்லி, எது எது என்று விரலால் காட்டச் சொல்வேன். காது பிரித்துக் கேட்கத் தொடங்கினால் நாக்கு பின்னாலேயே வந்துவிடும். அதற்கு மேல் கொஞ்சம் தாய்மொழி வாடை ஒட்டிக்கொண்டிருந்தால் இருக்கட்டும். கேட்பவருக்குப் புரிகிறதா என்பதே கணக்கு.

கார்ட்டூனும் ஆப்பும் போட்டு விட்டா தானா கத்துக்க மாட்டாங்களா?

கைக்குழந்தை கற்றுக்கொள்ளாது. பட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட சோதனை இதற்குத் தெளிவான சான்று. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுபவர்கள் 12 தடவை நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழி ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆட்கள் பேசியதைத் திரையில் பார்த்த குழந்தைகளும், ஒலிப்பதிவாக மட்டும் கேட்ட குழந்தைகளும் எதையும் பிடிக்கவில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைக்குத் திரை உதவும், துணையாக இருந்தால். வாசிக்கத் தெரிந்த பிள்ளை, பேசும் மொழியிலேயே எழுத்து ஓடும்படி வைத்துப் பார்க்கட்டும். ஒலியும் எழுத்தும் சேர்ந்து பதியும். அப்புறம் ஐந்து நிமிடம், என்ன நடந்தது என்று யாராவது கேட்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆப்பில் சேரும் நட்சத்திரங்கள், ஆப்பைத் திறந்த நாட்களைத்தான் பெரும்பாலும் எண்ணுகின்றன.

பையன் ஒரே வாக்கியத்துல ரெண்டு மொழியையும் கலந்து பேசுறான். குழம்பிட்டானோ?

குழம்பவில்லை. ஒரு மொழியில் சொல் கைவசம் இல்லாதபோது இன்னொன்றிலிருந்து எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். பெரியவர்களும் அதைத்தான் செய்கிறோம். அவனைக் கவனித்துப் பாருங்கள். ஒரு மொழி மட்டுமே தெரிந்தவரிடம் பேசும்போது கலப்பு குறைந்துவிடும். எதிரில் இருப்பவருக்கு எது புரியும் என்று மிகச் சின்னப் பிள்ளைகளுக்கே ஓரளவு தெரியும்.

வீட்டுல தாய்மொழி பேசுறதை நிறுத்திட்டு அந்த மொழியிலேயே பேசுங்கன்னு சொல்றாங்க. நிறுத்தலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்.

முதல் மொழியில் பிள்ளை கற்றது வெறும் சொற்கள் அல்ல. கதையை வரிசையாகச் சொல்வது, காரணம் கேட்பது, இரண்டு பொருளை ஒப்பிடுவது, தெரியாததைச் சுற்றி வளைத்தாவது விளக்குவது எல்லாம் அதில் அடக்கம். இவற்றைப் புது மொழியில் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. பெயரை மட்டும் மாற்றினால் போதும். கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1970-களிலிருந்தே இதை வலியுறுத்திவருகிறார்: ஒரு மொழியில் வேரூன்றிய படிப்புத் திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும். வாசிக்கக் கற்றதும் அப்படித்தான். எழுத்து ஒலியைக் குறிக்கிறது என்று ஒரு மொழியில் புரிந்துவிட்டால் போதும், இரண்டாவது மொழியில் அந்தக் கண்டுபிடிப்பு தேவையில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும்? நீங்கள் தட்டுத் தடுமாறிப் பேசும் மொழியில் பிள்ளையோடு பேசுவது சுருங்கும். 'சாப்பிட்டியா, படிச்சியா' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கதை போகும், விளக்கம் போகும், சிரிப்பு போகும். பிள்ளைக்கு ஒரு மொழி குறைவதோடு, வீட்டில் பேச ஆளும் குறைகிறார்.

வகுப்புல எல்லாம் கேட்டுக்கிறா, ஆனா வாயே திறக்க மாட்டேங்கிறா. என்ன செய்யறது?

பொறுத்திருங்கள். புது மொழிச் சூழலில் விடப்படும் பல பிள்ளைகள் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அந்த நேரத்தில் உள்ளே வேலை நடக்கிறது. 'கதவைத் திற' என்று அந்த மொழியில் சொன்னால் எழுந்து போகிறாளா? அப்படியென்றால் கவலை வேண்டாம். விருந்தாளிகள் முன்னால் 'எங்கே, பேசிக் காட்டு' என்று மட்டும் கேட்காதீர்கள். அதன் பிறகு அந்த மொழி என்றாலே முகம் மாறிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். தாய்மொழியிலும் பேச்சு குறைந்திருந்தால், அல்லது பள்ளியில் எந்த மொழியிலுமே மாதக்கணக்கில் பேசவில்லை என்றால், இது மொழி வகுப்பு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. பேச்சு நிபுணரிடம் காட்டுங்கள்.

ஸ்கூல்ல மூணு வருஷமா படிக்கிறான். ஒரு வாக்கியம் சேர்ந்தாப்ல பேச வரல. டீச்சர் சரியில்லையா?

ஆசிரியரைக் குறை சொல்லும் முன் ஒரு கணக்குப் போடுவோம். வாரத்துக்கு இரண்டு பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம், வருடத்துக்கு 36 வாரம் என்று வைத்தால் 48 மணி நேரம். மூன்று வருடத்துக்கு 144 மணி. அதாவது விழித்திருக்கும் நேரமாகப் பார்த்தால் பத்துப் பதினோரு நாள். இதில் முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் உங்கள் மகன் தன் வாயால் பேசிய நேரம் எவ்வளவு இருக்கும்?

இதோடு இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகள் தொழில்முறையாகப் பேசும் அளவுக்கு வர, பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்றவற்றுக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானிய மொழி, சீனம், கொரிய மொழி, அரபு ஆகியவற்றுக்கு 2200 மணி நேரமும் பல வருடங்களாக ஒதுக்கிவந்தது. தமிழுக்கு அவர்கள் வைத்திருந்தது 1100. வீட்டுப்பாடம் இதில் சேராது. படிப்பதே வேலையாக உள்ள பெரியவர்களுக்கு இவ்வளவு என்றால், 144 மணி நேரத்தில் பையன் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, எளிய கேள்விக்குப் பதில் சொன்னால் அது நல்ல பலன்தான்.

பள்ளியிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பாடவேளையில் பிள்ளைகள் எத்தனை நிமிடம் பேசுகிறார்கள்? தாய்மொழியிலேயே இலக்கணம் விளக்கி, பலகையைப் பார்த்து எழுதவைத்து முடித்துவிட்டால் மூன்று வருடம் முப்பது வருடம் ஆனாலும் பேச்சு வராது. அதை மாற்றச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை.

அப்போ எந்த மொழியை எடுக்கிறது? எது ஈஸி?

மேலே சொன்ன மணிக்கணக்கு ஆங்கிலம் பேசுபவர்களுக்கானது. உங்கள் பிள்ளைக்கு எது சுலபம் என்பது ஏற்கெனவே தெரிந்த மொழிகளைப் பொறுத்தது. ஆங்கிலம் நன்றாக வந்தால் பிரெஞ்சுச் சொற்கள் நிறைய முகம் தெரிந்தவையாக இருக்கும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஜப்பானிய, கொரிய வாக்கிய அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலக்காரர்கள் திணறும் இடத்தில் நம் பிள்ளைகள் நிம்மதியாக நடப்பதைப் பார்க்கலாம். ஜப்பானிய எழுத்துதான் மலை. ஸ்பானிஷும் இத்தாலியனும் எழுதியபடியே வாசிக்கலாம். பிரெஞ்சில் எழுதியதில் கொஞ்சம் வாயில் வராது.

என் யோசனை: சுலபத்தைவிட ஆளைப் பாருங்கள். அந்த மொழியில் உங்கள் பிள்ளையோடு பேச யாராவது இருக்கிறார்களா? நல்ல ஆசிரியர் இருக்கிறாரா? இருந்தால் அதை எடுங்கள்.

தினமும் இருபது வார்த்தை மனப்பாடம் பண்ண வைக்கிறேன். அடுத்த வாரமே மறந்துடறா. ஞாபக சக்தி கம்மியா?

ஞாபக சக்தியில் குறை இல்லை, முறையில்தான். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னைத் தானே சோதித்து எழுதிவைத்தார்: கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலும் நாட்களிலும் மறந்துபோகும். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் குறைந்த உழைப்பிலேயே நிற்கும். ஆகவே இருபதை ஏழாகக் குறையுங்கள். இன்று, நாளை, மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, பிறகு ஒரு மாதம் கழித்து அதே ஏழைக் கேளுங்கள். பட்டியலைப் பார்த்து வாசிக்கவிடாமல், மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுக்கவைக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் அவளைப் பற்றிய ஒரு வாக்கியத்தில் போடச் சொல்லுங்கள்.

தப்பாப் பேசினா உடனே திருத்தலாமா, விட்டுடலாமா?

என்ன சொல்ல வருகிறாள் என்று முதலில் முழுசாகக் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு தவறை எடுத்துக்கொள்ளுங்கள், பத்தை அல்ல.

எப்படித் திருத்துவது என்பதில் சுவாரசியமான விஷயம் ஒன்று இருக்கிறது. ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் 1997-இல் கனடாவின் பிரெஞ்சு வழி வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கும் மேல் ஒரே வகை: பிள்ளை சொன்னதைச் சரியான வடிவத்தில் தாங்களே திருப்பிச் சொல்லிவிட்டுப் போவது. பிள்ளைகள் மிகக் குறைவாகக் கவனித்ததும் அந்த வகையைத்தான். ஆசிரியர் தன் கருத்தை ஒப்புக்கொண்டார் என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும். அதைவிட, 'நேற்று நான்...' என்று அவள் வாக்கியத்தையே பாதியில் நிறுத்திக் காட்டி, மீதியை அவளையே சொல்லவைத்தால் சரியான வடிவம் அவள் வாயிலிருந்தே வருகிறது. நானும் பல வருடம் முதல் வகையைத்தான் செய்தேன். மாற்றிய பிறகு வித்தியாசம் தெரிந்தது.

எனக்கே அந்த மொழி ஒரு எழுத்து தெரியாது. நான் எப்படி உதவ முடியும்?

நிறைய முடியும். பிள்ளையை ஆசிரியராக்கி நீங்கள் மாணவராகுங்கள். 'இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லிக் கொடு' என்றால் போதும், நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சி அங்கேயே நடந்துவிடும். நீங்கள் தப்பாக உச்சரித்து அவன் திருத்தும்போது அவன் முகத்தைப் பாருங்கள்! சொற்களை எந்த நாளில் மறுபடி கேட்க வேண்டும் என்ற அட்டவணையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். தாய்மொழியில் தினமும் கதை சொல்வதும் இந்தக் கணக்கில் சேரும். காரணம் மேலே இருக்கிறது.

ரெண்டு மொழி படிச்சா மூளை ஷார்ப் ஆகும்னு விளம்பரத்துல வருதே?

அதை நம்பிச் சேர்க்காதீர்கள். ஒரு காலத்தில் இரு மொழி பிள்ளையின் அறிவைக் கெடுக்கும் என்றார்கள். 1962-இல் மாண்ட்ரியாலில் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்த எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பெர்ட்டும் அதை மறுத்தார்கள். இரு மொழிப் பிள்ளைகளே நன்றாகச் செய்தார்கள். அதன் பிறகு ஊசல் மறுபக்கம் போய், கவனமும் தன்கட்டுப்பாடும் கூடும் என்ற பேச்சு வலுத்தது. 2019-இல் அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 4,500 பேரை வைத்துப் பார்த்தபோது அப்படியொரு சாதகம் தென்படவில்லை. கெடுதல் இல்லை என்பது உறுதி. மொழி தெரிவதே பெரிய லாபம்; அதற்கு மேல் போனஸ் எதற்கு?

பையனுக்குப் பேச்சே தாமதமாத்தான் வந்துச்சு. ரெண்டாவது மொழியை நிறுத்திடுங்கன்னு சொல்றாங்க.

இப்படிச் சொல்லக் கேட்டு, வீட்டு மொழியையே விட்டுவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். மனசு கனக்கும். பேச்சுத் தாமதத்துக்கு இரண்டாவது மொழி காரணம் இல்லை. கனடாவில் மொழி வளர்ச்சிக் குறைபாடு உள்ள ஏழு வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். இரு மொழிப் பிள்ளைகளின் சிரமம், அதே குறைபாடுள்ள ஒரு மொழிப் பிள்ளைகளின் சிரமத்தைவிட அதிகமாக இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைப் பார்த்த 2005 ஆய்வும் இதே திசையில்தான் வந்தது. குறைபாடு இருந்தால் இரண்டு மொழியிலும் தெரியும், அதனால் சோதிக்கும்போது இரண்டிலும் சோதிக்கச் சொல்லுங்கள்.

பள்ளியில் பாடமாகப் படிக்கும் வெளிநாட்டு மொழி சற்று வேறு. டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் குறைபாடு) உள்ள பிள்ளைக்கு எழுத்துத் தேர்வு நிஜமாகவே பாரமாக இருக்கும். விடுவதற்கு முன், எழுதியபடி வாசிக்கும் மொழிக்கு மாற முடியுமா, பேச்சுக்குக் கூடுதல் மதிப்பெண் தர முடியுமா, தேர்வுக்குக் கூடுதல் நேரம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

வேற நாட்டுக்குப் போனோம். ஒரே வருஷத்துல சரளமாப் பேசறா, ஆனா மார்க் மட்டும் ஏறவே இல்ல. சோம்பேறி ஆயிட்டாளா?

இல்லை. விளையாட்டு மைதானத்து மொழியும் பாடப்புத்தக மொழியும் இரண்டு வேறு விஷயங்கள். கம்மின்ஸின் கணக்குப்படி முதலாவது சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடும். இரண்டாவதில் உடன் படிக்கும் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகலாம். பேச்சைக் கேட்டு ஆசிரியர்களே ஏமாந்துபோய், 'மொழி பிரச்சினை இல்லை, கவனம் இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வருடங்களில் அறிவியலையும் வரலாற்றையும் வீட்டில் தாய்மொழியில் பேசிப் புரியவையுங்கள். கருத்து தெரிந்த பிள்ளைக்குப் புது மொழியில் சொல் மட்டும்தான் கிடைக்க வேண்டும்.

ரெண்டு வெளிநாட்டு மொழியை ஒரே நேரத்துல ஆரம்பிக்கலாமா?

முடியும், ஆனால் நான் ஒரு வருடமாவது இடைவெளி விடச் சொல்வேன், முக்கியமாக ஸ்பானிஷும் இத்தாலியனும் போல நெருங்கிய சொந்தங்கள் என்றால். ஒன்றைக் கூப்பிட்டால் மற்றது வரும். முதலாவது ஓரளவு ஊன்றிவிட்டால் அதே நெருக்கம் உதவியாக மாறிவிடும்.

நடுவுல விட்டுட்டா படிச்சது எல்லாம் வீண்தானே?

மேலுக்கு அப்படித்தான் தெரியும். கொரியாவிலிருந்து சின்ன வயதில் பிரான்சுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களான பிறகு சோதித்த 2003 ஆய்வில், கொரிய மொழியின் சுவடே தெரியவில்லை. மூளைப் படத்திலும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து அவர்களுக்கு வித்தியாசம் இல்லை. ஆனால் 2017-இல் நெதர்லாந்தில் அதே போன்றவர்களுக்குக் கொரிய ஒலிகளை மறுபடி கற்றுத்தந்து பார்த்தார்கள். கொரிய மொழியையே கேட்டிராதவர்களைவிட அவர்கள் நன்றாகச் சொல்லப் பழகினார்கள். ஆறு மாதம் ஆகும் முன்பே தத்துப் போனவர்களுக்கும் அந்தச் சாதகம் இருந்தது.

அது பிறந்த மொழி, வகுப்பில் படித்தது அல்ல. ஆனால் மறந்ததாக நினைத்த சொல்லை மறுபடி கற்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதும் எபிங்ஹாஸ் அளந்து காட்டியதுதான். ஆகவே விட்டுப்போன பிள்ளை திரும்பி வந்தால் முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். பழைய நோட்டை எடுத்து, பாதியில் திறந்து, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள்.